நுங்கம்பாக்கம் தூணும் நான்காவது ஃபோட்டானும்

மெரினாவில் காந்தி சிலையருகே தொடங்கி மேற்கே போகும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு முன்பு எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று பெயர். அந்தக் காலத்தில் இங்கே சி. சுப்பிரமணிய ஐயர் ‘சந்திர விலாஸ்’ என்ற வீட்டைக் கட்டினார். அவருடைய மகன் சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் கடற்கரையோரத்து மாநிலக் கல்லூரியிலும் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். 1999 ஜூலை 23 அன்று விண்ணுக்குப் போன நாசாவின் எக்ஸ்-கதிர் தொலைநோக்கி அவர் பெயரால் ‘சந்திரா’ என்று அழைக்கப்படுகிறது. சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் சற்று நேரத்தில் லஸ் சர்ச் சாலை. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் ‘ஏகாம்ர நிவாஸ்’ அங்கே இருந்தது. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் 1950-களின் இறுதியில் அந்த வீட்டிலேயே இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். ஒருநாள் நீல்ஸ் போரும் அங்கே வந்து மாணவர்களைச் சந்தித்தார். இந்த இரண்டு வீடுகளில் தொடங்கி நுங்கம்பாக்கம், தி. நகர், கோட்டூர்புரம், தரமணி என்று ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். வானத்தைப் படமெடுக்கும் எவரும் தவிர்க்க முடியாத ஒரு கேள்வியும் அந்த வழியெங்கும் கூடவே வருகிறது: படத்தில் இருக்கும் இந்தப் புள்ளி உண்மையிலேயே வானில் இருக்கும் ஒன்றா, தற்செயலாக விழுந்த ஒளியா? விண்மீன் பட்டியலைக் கண்டவற்றின் பதிவு என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது முடிவுகளின் பதிவு. ஒவ்வொரு வரியிலும் யாரோ ‘உண்டு’ என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். எந்த அளவு தவறை ஏற்றுக்கொண்டு தீர்ப்பளித்தோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் பட்டியலைத்தான் நம்ப முடியும் என்பது என் வாதம்.

சந்திரா தொலைநோக்கியிலிருந்தே தொடங்கலாம். எக்ஸ்-கதிர்கள் வெள்ளமாகக் கொட்டுவதில்லை. மங்கலான ஒரு மூலத்திலிருந்து பல மணி நேரத்துக்கு ஒரு ஃபோட்டான் வந்தாலே பெரிய காரியம். அதனால் சந்திராவின் படம் நாம் பழகிய புகைப்படம் போல் இருக்காது. 1024 பிக்சல் நீளமும் 1024 பிக்சல் அகலமும் கொண்ட சில்லில் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக இருக்கும், சிலவற்றில் ஒன்று, அபூர்வமாகச் சிலவற்றில் இரண்டு மூன்று. கோடை மழையின் முதல் துளிகள் கபாலீசுவரர் கோயில் குளத்துப் படியில் விழுவதைப் பார்த்தால் இந்தக் கணக்கு பாதி புரிந்துவிடும். துளிகள் சம இடைவெளியில் விழுவதில்லை. ஒரு கல்லில் மூன்று விழும், பக்கத்துக் கல் காய்ந்தே கிடக்கும். மூன்று விழுந்த கல்லின் மேல் மட்டும் தனி மேகம் நிற்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஒன்றையொன்று சாராத நிகழ்வுகள் இப்படிக் கொத்துக் கொத்தாக விழுவதன் சட்டத்தை பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதிவிட்டார். வானியலாளருக்கு எழும் கேள்வி இதுதான்: இந்தக் கட்டத்தில் இத்தனை ஃபோட்டான் சேர்ந்திருப்பது வெறும் பின்னணியால் நிகழ எவ்வளவு வாய்ப்பு?

கணக்கைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஒரு மூலத்தின் ஒளி விழும் சிறு வட்டத்தைச் சுமார் பத்து பிக்சல் என்று கொண்டால், ஒரு சில்லில் ஏறக்குறைய ஒரு லட்சத்து ஐயாயிரம் வட்டங்கள் அடங்கும். ஒவ்வொன்றிலும் பின்னணி சராசரியாக 0.1 ஃபோட்டான் என்று வைப்போம். ஒரு குறிப்பிட்ட வட்டத்தில் பின்னணி மட்டுமே மூன்று அல்லது அதற்கு மேல் ஃபோட்டான்களைச் சேர்க்கும் வாய்ப்பு பாய்சான் சட்டப்படி பத்தாயிரத்தில் ஒன்றரை. கேட்டவுடன் மிகச் சிறியதாகத்தான் தோன்றும். ஆனால் பார்க்கப்போவது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வட்டங்களை. பெருக்கிப் பார்த்தால், எதுவுமே இல்லாத வானத்திலும் சுமார் 16 ‘மூலங்கள்’ முளைத்துவிடும். மூன்று போதாது, நான்கு ஃபோட்டான் இருந்தால்தான் ஏற்பேன் என்று வரம்பை உயர்த்தினால் வாய்ப்பு பத்து லட்சத்தில் நான்குக்கும் சற்றுக் கீழே இறங்கும். முழுச் சில்லுக்கும் எதிர்பார்க்கும் போலிகள் அரைக்கும் குறைவு. அந்த ஒரே ஒரு ஃபோட்டான் 16 போலிகளையும் துடைத்துவிடுகிறது. அதற்கொரு விலையும் உண்டு. சராசரியாக மூன்று ஃபோட்டான் தரக்கூடிய நூறு உண்மையான மூலங்கள் அதே வானத்தில் இருந்தால், மூன்று என்ற வரம்பில் அவற்றில் 60 அகப்படும். நான்கு என்றால் 37 அல்லது 38-தான். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைக்காமல் யாராவது ஒரு வரம்பைச் ‘சரியானது’ என்று சொன்னால், அவர் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார். சந்திரா தரவைப் பகுக்கப் பலரும் பயன்படுத்தும் நிரலில் வழக்கமான வரம்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஒரு சில்லில் இருப்பதும் சுமார் பத்து லட்சம் பிக்சல்கள்தான். ஆக, ஒரு சில்லுக்குத் தோராயமாக ஒரு போலியை ஏற்கிறோம் என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. இந்த வெளிப்படையான ஏற்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மயிலாப்பூரின் அந்த இரண்டு வீடுகளையும் சேர்த்துப் பேசுவதற்கு ஆழமான காரணம் உண்டு. காஸ்மிக் கதிர்ப் பொழிவில் துகள்கள் எந்த ஆற்றலில் எத்தனை இருக்கும் என்ற சிக்கலை ஆராயப்போய், 1950-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் பெருக்கல் அடர்த்தி என்ற கருவியைக் கணிதத்துக்குத் தந்தார். ஒரு நுண்ணிய இடைவெளியில் ஒரு புள்ளி இருக்கும் வாய்ப்பு என்ன? இரண்டு தனித்தனி இடைவெளிகளில் ஒவ்வொரு புள்ளி இருக்கும் வாய்ப்பு என்ன? மூன்றில்? இவற்றை அடுக்கடுக்காக எழுதிவிட்டால் சிதறிக் கிடக்கும் புள்ளிகளின் முழு இயல்பும் பிடிபட்டுவிடும். இதே ஆண்டுகளில் சந்திரசேகர், குய்டோ மூன்ச் என்பவருடன் சேர்ந்து, பால்வீதியின் ஒளி இடத்துக்கு இடம் ஏற்ற இறக்கமாக இருப்பதைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். விண்மீன்களுக்கிடையே தூசு மேகங்கள் தாறுமாறாக மிதக்கின்றன. ஒவ்வொரு மேகத்தையும் தனியே பார்க்க முடியாவிட்டாலும், ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்தே அவற்றின் எண்ணிக்கையையும் தடிமனையும் மதிப்பிடலாம் என்பது அந்த முயற்சியின் சாரம். விண்மீன் புள்ளியியல் பற்றி ராமகிருஷ்ணனும் அமெரிக்காவின் வானியற்பியல் இதழில் எழுதினார். வாய்ப்புக் கணிதத்தை வானத்துக்குக் கொண்டுபோன இருவர் ஒரே பேட்டையிலிருந்து கிளம்பியது தற்செயலாக இருக்கலாம். அதில் பெரிய பொருள் தேடுவது, காய்ந்த கல்லுக்குப் பக்கத்தில் மூன்று துளி விழுந்ததற்குக் காரணம் தேடுவதற்கு ஒப்பாகும். ஆனால் நகரத்தின் நினைவில் சந்திரசேகர் நோபல் பரிசோடு முடிந்துவிடுகிறார், ராமகிருஷ்ணன் ஒரு நிறுவனத்தின் பெயரோடு முடிந்துவிடுகிறார். அவர்களுடைய கணிதம் இன்று எந்தப் படத்தில் எந்தப் புள்ளியை ஏற்கவைக்கிறது என்று பேசுவாரில்லை. அது எனக்கு உண்மையான வருத்தம்.

கதீட்ரல் சாலை வழியாக ஜெமினி மேம்பாலத்தைக் கடந்தால் நுங்கம்பாக்கம். வானொலிச் செய்தியில் மீனம்பாக்கத்தோடு ஜோடியாக வெப்பநிலை சொல்லும்போதுதான் இந்தப் பெயரை ஊரே கேட்கிறது. கல்லூரிச் சாலையில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள், முன்பு அங்கே இருந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. எடை சுமார் 10 டன். 1792 என்ற ஆண்டு ரோமானிய எண்ணில் செதுக்கப்பட்டிருக்கிறது. கட்டிடத்தை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரும், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் வாசகங்களும் அதன் மேல் உள்ளன. இந்த வானாய்வகத்தின் விதை 1786-ல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி தன் சொந்தச் செலவில் வைத்த கருவிகள். அவற்றைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு நுங்கம்பாக்கத்தில் நிலையாக அமைத்தது. தூணின் வேலை மிக எளிது: தன் மேல் வைத்த தொலைநோக்கி அசையாமல் பார்த்துக்கொள்வது. விண்மீனின் பிம்பம் எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் விழுகிறதோ, அவ்வளவு குறைவான பின்னணியோடுதான் அது போட்டியிட வேண்டும். கருவி ஆடினால் வட்டம் அகலும், வட்டம் அகன்றால் அதே ஒளி கூடுதல் பின்னணியில் கரையும். சந்திராவிலும் இதே கதைதான். படத்தின் நடுவில் கூர்மையாக விழும் பிம்பம் ஓரத்துக்குப் போகப்போகப் பரந்து மங்குகிறது. நடுவில் ஏற்கத்தக்க நான்கு ஃபோட்டான் ஓரத்தில் ஏற்கத்தக்கதல்ல. ஆகவே வரம்பு என்பது படம் முழுவதற்கும் ஒரே ஃபோட்டான் எண்ணிக்கையாக இருக்க முடியாது. ஒரே வாய்ப்பாகத்தான் இருக்க முடியும்.

இந்த வளாகத்தில் கிளாண்வில் டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து 1844-ல் பட்டியலாக வெளியிட்டார். 1861-ல் பொறுப்பேற்ற நார்மன் போக்சன், அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர். பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885-ல் வேரா. அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ரெடிகுலம் விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். ஏறத்தாழ ஒன்பது மாதச் சுழற்சியில் மங்கி ஒளிரும் அந்த விண்மீனுக்கு ஆர் ரெடிகுலி என்று பெயர். இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. போக்சனுக்கும் ரகுநாதாச்சாரிக்கும் எந்தப் பாய்சான் கணக்கும் வேண்டியிருக்கவில்லை, பழகிய கண்ணும் பொறுமையும் போதுமாக இருந்தன, பிறகு ஏன் இவ்வளவு சூத்திரம்? கேட்கத் தகுந்த கேள்வி. ஆனால் அவர்கள் வெறும் கண்ணை நம்பி நிற்கவில்லை. குறுங்கோள் தேடுபவர் விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒரு புள்ளி வானில் தெரிந்தால், மறுநாள் அது நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். நகர்ந்திருந்தால்தான் கோள். ஒளி மாறும் விண்மீனிலும் பல இரவுகளின் ஒப்பீடு உண்டு. அதாவது ஒன்றையொன்று சாராத இரண்டாவது சோதனை அவர்களிடம் இருந்தது. இரண்டு சோதனைகளிலும் தற்செயல் ஒரே மாதிரி ஏமாற்றும் வாய்ப்பு, தனித்தனி வாய்ப்புகளின் பெருக்கற்பலன். அந்தப் பெருக்கலை அவர்கள் எழுதிக் காட்டவில்லை, செய்து காட்டினார்கள். அவர்கள் ஓர் இரவில் ஆராய்ந்தது சில நூறு புள்ளிகளை. ஒரே மூச்சில் பத்து லட்சம் கட்டங்களை ஆராயும்போது பழகிய கண்ணுக்கும் தற்செயல்கள் தாமாகவே காட்சி தரும்.

இரண்டாவது சோதனை கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதற்கும் இதே வளாகம் சாட்சி. 1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் பெரும் விண்கல் பொழிவு தெரிந்தது. உடைந்து காணாமல்போன பியலா வால்மீனின் சிதைவுகளே அவை என்று கருதிய ஜெர்மன் வானியலாளர் கிளிங்கர்ஃப்யூஸ், வால்மீன் பூமியை உரசிச் சென்றிருந்தால் எதிர்த்திசையில் செந்தாரஸ் குழுவின் பக்கம் தெரிய வேண்டும் என்று கணித்து, தென்வானம் தெரியும் சென்னைக்குத் தந்தி அடித்தார். டிசம்பர் 2, 3 தேதிகளில் போக்சன் அங்கே தேடினார். வால்மீன் ஒன்று உண்மையாகவே தெரிந்தது. அது நகர்வதையும் அளந்தார். பிறகு வடகிழக்குப் பருவத்தின் மேகமும் மழையும் வானத்தை மூடிவிட்டன. சுற்றுப்பாதை கணிக்க இரண்டு இரவு போதாது. அது பியலாவாக இருக்க முடியாது என்று பின்னாளைய கணக்குகள் காட்டின. இன்று அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1. முதல் எக்ஸ் என்பது சுற்றுப்பாதை அறியப்படாத வால்மீன்களுக்குரிய எழுத்து. அந்தப் பெயரிடும் முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒன்றைக் கண்டது உண்மை என்பதையும், கண்டது எது என்று தெரியாது என்பதையும் ஒரே எழுத்தில் பதிந்துவைக்கிறது. போக்சனுக்கு முன் இங்கே இயக்குநராக இருந்த கேப்டன் ஜேக்கப் 1855-ல் செய்த அறிவிப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 70 ஓபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் அளவீடுகள் கணித்த பாதையிலிருந்து சற்று விலகுவதைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு என்று அவர் எழுதினார். சூரியனுக்கு அப்பால் கோள் உண்டு என்பதற்கு அளவீட்டை ஆதாரமாகக் காட்டிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. 1890-களில் தாமஸ் சீ அதே விண்மீனுக்கு வேறொரு மறைந்த துணையை அறிவித்தார், அப்படியொரு அமைப்பு நிலைத்திருக்க முடியாது என்று 1899-ல் மோல்டன் மறுத்தார். ஜேக்கப் கண்ட கோளும் பின்வந்த அளவீடுகளில் தேறவில்லை. அவரை ஏளனம் செய்ய இதில் எதுவுமில்லை. ‘வாய்ப்புண்டு’ என்றுதான் எழுதினார், ‘உறுதி’ என்று எழுதவில்லை. ஆனால் எவ்வளவு வாய்ப்பு, அளவீட்டுப் பிழையின் அளவு எவ்வளவு, எத்தனை விண்மீன்களை அலசியதில் இது அகப்பட்டது என்ற மூன்றும் எண்களாக உடன் இல்லாததால், படித்தவர்கள் தத்தம் விருப்பப்படி அந்தச் சொல்லுக்கு எடை போட்டுக்கொள்ள முடிந்தது.

வள்ளுவர் கோட்டத்தைச் சுற்றி தி. நகருக்குள் நுழைந்தால் வானம் வேறு பாடம் நடத்துகிறது. மாலை ஏழு மணிக்குப் பனகல் பூங்கா ஓரமாக நின்று மேலே பார்த்தால், நகைக் கடைகளும் புடவைக் கடைகளும் கொட்டும் வெளிச்சம் தூசிலும் ஈரக்காற்றிலும் பட்டுத் திரும்பி, வானம் மங்கிய ஆரஞ்சுத் தகடாகக் கிடக்கும். விண்மீன்கள் எங்கேயும் போய்விடவில்லை, அவற்றின் ஒளி ஒரு துளியும் குறையவில்லை, பின்னணிதான் கூடியிருக்கிறது. அப்படியென்றால் பின்னணியைக் கழித்துவிட்டால் போயிற்றே என்று கேட்கலாம். சராசரியைக் கழிக்கலாம், ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. பாய்சான் சட்டப்படி, ஒரு வட்டத்தில் சராசரியாக 100 ஃபோட்டான் பின்னணி இருந்தால் அது தானாகவே 10 வரை அங்குமிங்கும் ஆடும். பின்னணி 10,000 ஆனால் ஆட்டம் 100. ஆட்டத்தைப் போல ஐந்து மடங்கு மேலெழுந்தால்தான் ஏற்பேன் என்ற வரம்பில், முதல் வானத்தில் 50 ஃபோட்டான் தரும் விண்மீன் போதும், இரண்டாவதில் 500 வேண்டும். பின்னணி நூறு மடங்கு கூடினால் விண்மீன் பத்து மடங்கு ஒளிர வேண்டும். ஒளித்தர அளவில் அது சரியாக 2.5. அந்த அளவையும் இன்றுள்ள வடிவில் 1856-ல் வகுத்தவர் போக்சன்தான். ஐந்து படிக்கு நூறு மடங்கு என்று அவர் வைத்த கணக்கில் ஒரு படி ஏறக்குறைய 2.512 மடங்கு. நுங்கம்பாக்கத்தில் வானியல் நின்று 1899-ல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்ததும், பின்னாளில் ஜவ்வாது மலையின் காவலூர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இந்த வர்க்கமூலக் கணக்கோடு பொருந்துகின்றன. வேராவுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒரு குறுங்கோள் அகப்பட 1988 பிப்ரவரி 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவலூரில் ஆர். ராஜமோகன் கண்ட அதற்கு ராமானுஜன் என்று பெயர்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. போலிகளைத் தெரிந்தே ஏன் அனுமதிக்க வேண்டும், வரம்பை வானளவு உயர்த்திவிட்டால் பட்டியலில் உண்மை மட்டும்தானே இருக்கும்? பிரகாசமானவற்றை மட்டும் ஆராய்பவருக்கு இது சரி. ஆனால் மங்கலான மூலங்கள் எத்தனை என்று எண்ணுவதே பல ஆய்வுகளின் நோக்கம். வரம்புக்கு அருகில் இருப்பவற்றைத் தள்ளிவிட்டால் அந்த எண்ணிக்கையே சிதைந்துவிடும். வரம்பை உயர்த்துவது எல்லாத் தவறுகளையும் போக்கவும் போக்காது. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் குழு 1955-ல் வெளியிட்ட இரண்டாவது ரேடியோ பட்டியலில் 1,936 மூலங்கள் இருந்தன. சிட்னியில் மில்ஸும் ஸ்லீயும் அதே வானத்தின் ஒரு பகுதியை வேறு கருவியால் அளந்தபோது இரண்டு பட்டியல்களும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. கேம்பிரிட்ஜ் கருவியின் பார்வை மிக அகலமானது. ஒரே பார்வைக்குள் பல மங்கலான மூலங்கள் சேர்ந்து, ஒரு பிரகாசமான மூலம் போல வேடம் காட்டியிருந்தன. அங்கே இரைச்சலே மூலங்களால் ஆனது. சாதாரணப் பின்னணிக்கென்று வகுத்த வரம்பு இந்த நெரிசலில் பொருந்தாது. இதற்குத் தீர்வாக 1957-ல் ஷாயர் காட்டிய வழி அழகானது: தனித்தனியாகப் பிரிக்க முடியாதவற்றைப் பிரித்தோம் என்று பாவனை செய்யாதே, பதிவான ஏற்ற இறக்கங்களின் பரவலை முழுதாக எடுத்துக்கொண்டு அதிலிருந்து எண்ணிக்கையை மதிப்பிடு. சந்திரசேகரும் மூன்சும் பால்வீதியில் செய்ததன் நெருங்கிய உறவுக்காரன் இந்த முறை. பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதற்கு முன்னால், இந்தப் படத்துக்குப் பட்டியல் என்ற வடிவமே பொருந்துமா என்று கேட்க வேண்டிய இடமும் உண்டு. அப்படிக் கேட்பதும் புள்ளியியலின் வேலைதான்.

நந்தனம் வந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்தால் கோட்டூர்புரம். காந்தி மண்டபம் சாலையில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இயங்குகிறது. நகரத்துப் பிள்ளைகளில் பலர் வாழ்நாளில் முதல்முறை இருண்ட வானத்தைக் காண்பது அதன் கூரைக்குள்தான், அதற்காகவே அந்த இடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த வானத்தில் ஒரு புள்ளியும் சந்தேகத்துக்குரியதல்ல. பின்னணி இல்லை, இரைச்சல் இல்லை, ஒவ்வொன்றும் ஏற்கெனவே தீர்ப்பான விண்மீன். ஐயப்பாடு நீங்கிய வானத்தை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை, வானியல் என்றால் இருப்பதைப் போய்ப் பார்ப்பது என்றே நினைக்கும். அங்கேயே ஒரு சுவரில் சந்திராவின் ஆழ்வானப் படத்தைக் கட்டம் கட்டமாக, ஃபோட்டான் எண்களோடு, தீர்ப்பு இல்லாமல் மாட்டிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. தென்வானத்தின் ஒரு சிறு துண்டை 1999 முதல் 2016 வரை விட்டுவிட்டுப் பார்த்து, மொத்தம் 70 லட்சம் நொடி, அதாவது சுமார் 81 நாள் ஒளியைச் சேர்த்தது அந்தப் படம். 2017-ல் வெளியான முதன்மைப் பட்டியலில் 1,008 மூலங்கள். அதைத் தயாரித்த முறை என் வாதத்துக்குச் சிறந்த ஆதாரம். முதலில் லட்சத்தில் ஒன்று என்ற தளர்ந்த வரம்பில் வலை வீசினார்கள், நிறையப் போலிகளும் சேர்ந்து வரும் என்று தெரிந்தேதான். பிறகு ஒவ்வொன்றுக்கும், அங்கே மூலமே இல்லாமல் இத்தனை ஃபோட்டான் சேர என்ன வாய்ப்பு என்று தனித்தனியே கணித்து, 0.007-க்குக் கீழே வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தேறாதவற்றிலும் 47-ஐத் தனித் துணைப்பட்டியலாகக் கொடுத்தார்கள். அந்த இடங்களில் அகச்சிவப்புப் படங்களில் பிரகாசமான பொருள் ஒன்று ஏற்கெனவே தெரிந்திருந்ததுதான் காரணம். எக்ஸ்-கதிரில் மட்டும் பார்த்தால் ஐயத்துக்குரியது, வேறொரு சாட்சியும் அதே இடத்தைக் காட்டும்போது நம்பத்தக்கதாகிறது. போக்சனின் மறுநாள் இரவைப் போல இங்கே இன்னொரு தொலைநோக்கி. 81 நாள் ஒளியைத் திரும்பச் சேர்க்க யாராலும் எளிதில் முடியாது என்பதால், இந்தச் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

சர்தார் பட்டேல் சாலையில் ஐ.ஐ.டி.யைத் தாண்டி, மத்திய கைலாசத்தில் திரும்பினால் தரமணி. அல்லாடி ராமகிருஷ்ணனின் வீட்டுக் கருத்தரங்கு வளர்ந்து 1962-ல் பிறந்த கணித அறிவியல் நிறுவனம் இங்கே இருக்கிறது. வழியெல்லாம் கண்ணாடிக் கட்டிடங்களில் கணினி நிறுவனங்கள். மூன்றாவது மறுப்பு இயல்பாகவே இங்கே வந்து நிற்கிறது: லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த நிரல், மனிதர் வகுத்த வரம்பைவிட நன்றாகவே புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது, பிறகு இந்தப் பழைய கணக்கு எதற்கு? நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்பது உண்மை, நெரிசலான வானத்தில் குறிப்பாக. சிலியில் அமைந்துள்ள ரூபின் வானாய்வகம் முழு வேகத்தில் இயங்கும்போது ஓர் இரவுக்குச் சுமார் ஒரு கோடி மாற்றங்களை அறிவிக்கும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளத்தை மனிதக் கண் தரம்பிரிக்க முடியாது. ஆனால் பயிற்றுவித்த நிரல் ஒரு புள்ளிக்கு 0.98 என்று மதிப்பெண் போட்டால், அப்படி மதிப்பெண் பெற்ற நூற்றில் 98 உண்மை என்று பொருளல்ல. நூற்றில் எத்தனை உண்மை என்று தனியே சோதித்துப் பார்த்தால்தான் அந்த எண் வாய்ப்பாகும். சோதிக்கும் முறையோ பழையதுதான். உண்மைப் படத்தில் நாமே செயற்கை விண்மீன்களைத் தூவி, நிரல் எத்தனையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது என்று எண்ணினால் தவறவிடுவதன் அளவு கிடைக்கும். ரேடியோ படங்களில் இன்னொரு வழியும் உண்டு. படத்தின் நேர்மறையை எதிர்மறையாகத் திருப்பி அதே நிரலை ஓடவிடுவார்கள். வானம் எதிர்மறை ஒளி தராது என்பதால், அங்கே அகப்படுபவை பெரும்பாலும் போலிகளே. அவற்றின் எண்ணிக்கை நேர்ப்படத்தில் ஒளிந்திருக்கும் போலிகளுக்கு நல்ல மதிப்பீடு. நிரல் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இந்த இரண்டு சோதனைகளிலிருந்தும் அதற்கு விலக்கு கொடுக்கக் கூடாது.

இதைச் செய்து பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. சந்திராவின் தரவுகள் குறித்த காலம் கழிந்ததும் பொதுவில் திறக்கப்படுகின்றன, அவற்றைப் பகுக்கும் மென்பொருளும் இலவசம். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ இருக்கும் ஒரு கல்லூரியின் இயற்பியல் மாணவரும் புள்ளியியல் மாணவரும் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு பருவத்துக்குள் முடித்துவிடக்கூடிய வேலை இது. ஏதேனும் ஒரு வானத்துண்டை எடுத்துக்கொள்ளட்டும். பத்து லட்சத்தில் ஒன்று என்ற வரம்பில் ஒருமுறை, லட்சத்தில் ஒன்றில் ஒருமுறை நிரலை ஓட்டட்டும். இரண்டாம் முறையில் மட்டும் வந்த புள்ளிகளைத் தனியே எழுதி, ஒவ்வொன்றின் இடத்திலும் ஒளியியல் படத்திலோ அகச்சிவப்புப் படத்திலோ ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருப்பவை எத்தனை, இல்லாதவை எத்தனை, படத்தைச் சற்று நகர்த்திவைத்துப் பார்த்தால் தற்செயலாகவே பொருந்துபவை எத்தனை என்ற மூன்று எண்களையும் தாங்கள் தயாரிக்கும் பட்டியலின் முதல் பக்கத்தில், மூலங்களின் வரிசை தொடங்குவதற்கு முன்னால் எழுதட்டும்.